கண்ணாடிக் குழாயில் சன்னாசி

— எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு புள்ள. நான் எப்ப செத்தேன்?

— என்னது?

— நான் செத்த தேதி. தெரிஞ்சா வருசா வருசம் எனக்கு நானே ஒரு சூடம் கொளுத்திக்குவேன்ல?

— வந்ததும் வராததுமா என்ன பேச்சுங்க இது... சட்டையக் கழட்டிப் போடுங்க, வேர்வை நாறுது. தேத்தண்ணி ஊத்தறேன்.

— செத்தவனுக்கு எதுக்குத் தேத்தண்ணி?

— ஏங்க, கடைப்பக்கம் போயி யாரு கூடயாச்சும் ஊத்திக்கிட்டு வந்தீங்களா?

— குடிக்கல. வேணும்னா ஊதிக் காட்டறேன். பசார்ல சாஹுல் ஹமீது நானா கடைக்குத்தான் போனேன். என்னைக் கண்டதும் மனுசன் தராசுத் தட்டக் கீழ போட்டுட்டாரு. "யா அல்லாஹ்! சன்னாசி அண்ணே, நீங்க மவுத்தாப் போன எண்டு கேள்விப்பட்டேனே!"ங்கிறாரு.

— வேற எவனாவது சன்னாசியா இருக்கும். தோட்டத்துல ஒரு சன்னாசியா இருக்கான்?

— தேயிலை ஸ்டோர்ல அடுப்புக்கு வெறகு போடற சன்னாசி. பேராதனை கம்பஸ்ல படிக்கிற யசோதாவோட அப்பன் சன்னாசி. அப்பிடி எத்தனை பேரு?

— அது... ஒருத்தர்தான்.

— அந்த ஒருத்தன்தான் செத்திருக்கான். அதுவும் அவன் பொண்டாட்டி வாயாலயே சொன்னாளாம்.

— கொண்டாங்க அந்தச் சட்டைய, தொவைக்கப் போடறேன்.

— ராக்கு.

— ம்.

— உன் கால் எப்படி இருக்கு?

— கால் எதுக்கு இப்ப?

— பொங்கல் கழிச்சு, பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கால் காட்டப் போறேன்னு போயி மறுநா வந்து சேந்தியே... அந்தக் கால்.

— நல்லா இருக்கு.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— நல்லா நடக்கச் சொன்னாரு.

— கொழும்பு வரைக்குமா?

— ...யாருங்க உங்களுக்குச் சொன்னது?

— நீதான். இப்ப, உன் மூஞ்சி.

— சரி. போனேன். யசோதா கூடப் போனேன். உங்ககிட்ட சொன்னா விட்டிருப்பீங்களா?

— மாட்டேன்.

— அதான் சொல்லல. அவ தனியாப் போக முடியாதுங்க. தனியாப் போற தமிழ்ப் புள்ளைன்னா ஒவ்வொரு செக்பொயின்ட்லயும் ஓரமா நிறுத்தி, இடுப்பத் தடவி, வெடி கிடி கட்டியிருக்காளான்னு பாக்கறாங்க. பக்கத்துல அம்மாக்காரி இருந்தா கொஞ்சம் லேசு.

— அவளுக்கு எதுக்குக் கொழும்பு? அவளுக்குப் படிச்சுக் குடுக்கற அந்த விவேகானந்தன் சேர் போயிருக்கலாம்ல?

— அவரு யாழ்ப்பாணத்து ஆளு. அடையாள அட்டைல பொறந்த ஊரப் பாத்தாலே உள்ள உக்கார வச்சிருவாங்க. "நான் கொண்டு போனா நானும் போய்ச் சேரமாட்டன், சாமானும் போய்ச் சேராது பிள்ளை"ன்னாராம்.

— என்ன சாமான்?

— ஒரு கண்ணாடிக் குழாய்.

— குழாயா?

— சுண்டுவெரல் அளவுதான் இருக்கும். ரெண்டு முனையும் நெருப்புல உருக்கி அடைச்சது. உள்ள கறுப்பாப் பொடி.

— கறுப்புப் பொடி... கறுப்புப் பொடிய எடுத்துக்கிட்டு ஆமிக்காரன் முன்னாடி போயி நின்னிருக்கீங்க. அம்மாவும் மகளும். போங்கடி.

— ஏசாதீங்க. அது வெடி இல்ல. கரி.

— கரிய எதுக்குக் கொழும்புக்குத் தூக்கிட்டுப் போகணும்? நம்ம ஸ்டோர் அடுப்பச் சொரண்டினா லொறி லொறியா ஏத்தலாம்.

— அந்தக் கரி இல்லீங்க! கரியும் உலோகமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு நிக்கிற ஒரு சாமான். அத யசோதாவே உண்டாக்கியிருக்கா. உண்டாக்கி, அதுல பொட்டாசியம்னு ஒண்ண ஊட்டியிருக்கா.

— ஊட்டியிருக்காளா? அது என்ன, கைப்புள்ளையா?

— அவ அப்பிடித்தான் சொன்னா. ஊட்டாம இருந்தா அதுல கரண்டே போகாதாம். கொஞ்சம் ஊட்டினாத்தான் போகுமாம். கொறஞ்சாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது.

— கருவாட்டுக் கொழம்புக்கு உப்பு மாதிரி.

— நானும் அதத்தான் சொன்னேன். சிரிச்சுட்டா. "கொழம்புல உப்பு கூடினா ஒருநா சோறு போகும்மா, இது கூடினா ஆறு மாசம் போகும்"னா.

— சரி, கரண்டு போனா என்ன அதிசயம்? நம்ம ஸ்டோர்ல கம்பில போகலியா?

— போகுது. போகயில கம்பி சுடுதா இல்லியா?

— சுடும். மோட்டர் பக்கத்துல வயரத் தொட முடியாது.

— அதாங்க. கரண்டு போற வழில முட்டி மோதிக்கிட்டே போகுதாம். முட்டினது அம்புட்டும் சூடா வீணாப் போயிருதாம். யசோதாவோட பொடிய நல்லாக் குளிர வச்சோம்னா, அதுல போற கரண்டு எதுலயும் முட்டாதாம். சூடே ஏறாதாம். ஒரு வளையமாச் செஞ்சு ஒரு தடவ உள்ள விட்டுட்டா, பின்னாடி நின்னு தள்ள ஆளே வேணாமாம். அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே கெடக்குமாம். வருசக்கணக்கா. களைக்கவே களைக்காதாம்.

— ...களைக்காதா?

— களைக்காதாம்.

— மேல்மலைக்கு ஏறி எறங்கினாக்கூட?

— அதுக்கு மலையே கெடையாதாம்.

— மலை இல்ல. முதுகுல கூடை இல்ல. பின்னாடி கங்காணி இல்ல... குடுத்து வச்ச கரண்டு.

— நானும் பஸ்ஸுல அதயேதான் நெனைச்சுக்கிட்டுப் போனேன். இத்தனை வருசமா மல ஏறி எறங்கின காலு... எம் வயித்துல பொறந்த புள்ள, களைக்காத ஒண்ண உண்டாக்கியிருக்காளேன்னு.

— எவ்வளவு குளிர வேணுமாம்? மார்கழில நம்ம லயத்து வீட்டுல வச்சா பத்தாது?

— கேட்டேனே. "நுவரெலியா பனிகூட அதுக்கு அடுப்பும்மா"ன்னா. ஹீலியம்னு ஏதோ ஒண்ணு இருக்காம், அத தண்ணியாக்கி அதுல முக்கினாத்தான் அந்தக் குளிர் வருமாம். அது அவங்க கம்பஸ்ல இல்ல. ஒரு வெள்ளக்காரப் பேராசிரியரம்மா வந்துட்டு ஊருக்குப் போறாங்க, அன்னிக்கே ப்ளேன். அவங்க கையில குடுத்துட்டா அவங்க நாட்டுல வச்சுப் பாத்துச் சொல்லுவாங்க. அதுக்குத்தான் போனோம்.

— அதுக்கு எதுக்குச் சீல் வச்ச குழாய்? ஒரு மருந்துப் போத்தல்ல கொட்டி எடுத்துட்டுப் போறது.

— காத்துப் பட்டா செத்துருங்க. ஒரு மூச்சுக் காத்து உள்ள போனாப் போதும், பொசுக்குன்னு போயிரும். முதல் தடவ செஞ்சப்ப கம்பஸ மூடி எல்லாரையும் வீட்டுக்கு வெரட்டிட்டாங்க. அடுத்த தடவ பாதில கரண்டு வெட்டு. தேறினது இந்த ஒரு குழாய்தான். மறுபடி செய்ய அவகிட்ட சாமானும் இல்ல, நாளும் இல்ல.

— ம்... சரி. இவ்வளவு சொன்னியே. இதுல நான் எங்க செத்தேன்?

— வாறேன், வாறேன். வழில ஒரு எடத்துல எல்லாரையும் எறக்கினாங்க. எந்த ஊருன்னு தெரியல. பையெல்லாம் தொறந்து காட்டணும். எங்க முறை வந்துச்சு. துணில சுத்தி, அரிசிக்குள்ள பொதச்சு வச்சிருந்தோம். எடுத்துட்டான்.

— அவதான் சிங்களம் தண்ணி மாதிரிப் பேசுவாளே.

— பேசினா. அதுதான் வம்பாப் போச்சு. கெமிக்கல்னா. அந்தச் சொல்லக் கேட்டதும் அவன் மூஞ்சி மாறிருச்சு. கரண்டுக்குன்னா. அது இன்னும் மோசம். கம்பஸ் கடுதாசியக் காட்டினா, அது இங்கிலீசுல. அவன் குழாய வெயில்ல தூக்கிப் புடிச்சுப் பாத்தான். காதுகிட்ட வச்சு ஆட்டினான். "ஒடச்சுக் காட்டு"ன்னான்.

— ஐயோ. புள்ள என்ன சொன்னா?

— ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னா. பிச்சை கேக்கற மாதிரி. எம் மக கைய நான் அப்பிடிப் பாத்ததே இல்லீங்க. அவ கேக்கக் கேக்க, அவன் குழாய மேசை மேல வச்சு, துவக்குக் கட்டைய ஓங்கிட்டான்.

— அப்புறம்?

— அப்புறம் நீங்க செத்துட்டீங்க.

— எப்பிடி?

— வேற வழி தோணல. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்துட்டேன். "மகே மஹத்தயாகே அளு! எம் புருசனோட சாம்பல், ஒடச்சிராதீங்க சாமி"ன்னு தெரிஞ்ச சிங்களத்துல கத்தினேன். மிச்சத்தத் தமிழ்ல ஒப்பாரியாவே வச்சுட்டேன்.

— ஒப்பாரியா! என்னத்தச் சொல்லி அழுதே?

— விடுங்க.

— செத்தவனுக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கல. உசுரோட இருக்கறவன் கேட்டுட்டுப் போறேன். சொல்லு.

— "அடுப்படில வெந்தியே எஞ்சாமி, ஒருநா ஆறி உக்காரலியே, சாம்பலாப் போன பொறவும் சும்மா விட மாட்டேங்கறாங்களே"ன்னு...

— நல்ல ஒப்பாரிதான். நெசமா சாகறப்பவும் இதயே வையி. அப்புறம், அவன் நம்பிட்டானா?

— கை அப்பிடியே நின்னுச்சு. ஆனா விவரமான பய. "சாம்பல் வெள்ளையாத்தானே இருக்கும், இது ஏன் இவ்வளவு கறுப்பு"ன்னான்.

— அதுக்கு?

— மனுசனே அந்தக் கறுப்புத்தான்னுட்டேன்.

— அடிப்பாவி!

— பின்ன? வெறகு அடுப்புக்கு முன்னாடி நின்னு நின்னு உசுரோட இருக்கறப்பவே பாதி வெந்த மனுசன்னேன். அவன் சிரிக்கலீங்க. தொப்பியக் கழட்டிட்டான். குழாய ரெண்டு கையாலயும் எடுத்து, வெத்தல குடுக்கற மாதிரிக் குனிஞ்சு எங்கையில குடுத்தான். சின்னப் பய. நம்ம யசோதா வயசுகூட இருக்காது.

— அவன் வீட்டுலயும் யாராவது செத்திருப்பாங்க. இந்தக் காலத்துல எந்த வீட்டுல சாவு இல்ல?

— ம்.

— ராக்கு... பொட்டு?

— என்ன பொட்டு?

— புருசன் செத்தவ நெத்தில பொட்டு இருக்குமா? என்ன பண்ணினே?

— அழிச்சேன். உக்காரயிலயே முந்தானையால ஒரே இழுப்பு.

— தாலி?

— கழட்டல. சத்தியமாக் கழட்டல. ரவிக்கைக்குள்ள தள்ளி விட்டுட்டேன். அதுக்கு மேல கை போகல.

— எண்பத்து மூணு கலவரத்துலயும் ஒரு தடவ அழிச்சே.

— நானா அழிச்சேன்? வத்தேகமயில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பறப்ப, பஸ்ஸ மறிச்சானுங்களே... தமிழ்னு தெரியக்கூடாதுன்னு நீங்கதானே எச்சியத் தொட்டு எம் நெத்தியத் தேச்சீங்க. உங்க கை அன்னிக்கு நடுங்கின நடுக்கம் எனக்கு இன்னிக்கும் நெத்தில இருக்கு.

— ம்.

— அன்னிக்குப் பயத்துல அழிச்சோம். உசுரு தப்பினாப் போதும்னு. இந்தத் தடவ நானா அழிச்சேன். எம் மக செஞ்சத காப்பாத்த. கை நடுங்கலீங்க. நடுங்கவே இல்ல. பொறவு பஸ்ஸுல ஏறி, நெத்தில ஒண்ணுமில்லாமக் கொழும்பு வரைக்கும் தல நிமிந்துதான் உக்காந்து போனேன்.

— அவ என்ன சொன்னா?

— எம் மடில மூஞ்சியப் பொதச்சு அழுதா. அப்புறம் சிரிச்சா. "அப்பா இவ்வளவு கறுப்புன்னு எனக்கே இன்னிக்குத்தாம்மா தெரியும்"னா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். நீங்க மனசொடிஞ்சு போவீங்கன்னு.

— மனசொடியல. ஆனா ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டே.

— என்ன?

— நம்ம தோட்டத்துல எவன எரிச்சிருக்கோம்? உங்கப்பன எரிச்சமா? எங்கம்மாவ எரிச்சமா? தேயிலைக்குள்ள குழி வெட்டிப் பொதைக்கிறதுதானே நம்ம வழக்கம். லயத்து ஆளுக்கு ஏது சாம்பல்?

— அது... அது அந்தப் பயலுக்குத் தெரியுமா?

— அவனுக்குத் தெரியாது. நம்ம ஹேவாஹெட்டயில இருக்கற பொலிஸ்காரனுக்குத் தெரியும். உன் பேரு ஊரெல்லாம் எழுதிக்கிட்டாங்களா இல்லியா?

— எழுதினாங்க... போற எல்லாரையும்தான் எழுதினாங்க. ஏங்க, ஏன் பொலிஸ்னு சொல்றீங்க? நானாவுக்கு யாரு சொன்னது, நீங்க செத்துட்டதா?

— கடைக்குச் சாமான் வாங்க வந்த பொலிஸ் சார்ஜன்.

— சார்ஜனா! ஐயோ... அப்ப இங்க வரைக்கும் கேட்டு அனுப்பியிருக்காங்க. ஏங்க, கதவச் சாத்துங்க.

— சாத்தினா?

— விளையாடாதீங்க! நீங்க பசார்ல உசுரோட திரிஞ்சத அவன் பாத்தா என்ன ஆகும்? ஆமிக்காரங்கிட்டப் பொய் சொல்லி ஒரு கறுப்புப் பொடியக் கடத்தினாங்கன்னு வரும். என்னைப் புடிச்சுட்டுப் போனாப் போகட்டும். அவளப் புடிப்பாங்க. கம்பஸ்லயே போயிப் புடிப்பாங்க. உள்ள போன புள்ளைங்க எத்தனை பேரு திரும்பி வந்தாங்க? நீங்க... நீங்க இப்பவே வத்தேகமைக்குப் போயிருங்க. தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாளைக்கு...

— செத்தவன் பஸ்ஸுல போனா டிக்கட் குடுப்பானா?

— நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க சிரிக்கிறீங்க!

— சிரிக்காம? நான் எதுக்கு நானா கடைக்குப் போனேன்னு ஒரு வார்த்த கேட்டியா?

— எதுக்கு?

— யசோதா அங்க போன் எடுத்திருந்தா, நானா இல்லாத நேரம், கடைப் பையன்தான் பேசினான். நாலு மணிக்கு மறுபடி எடுக்கறேன், அப்பாவ வரச் சொல்லுங்கன்னாளாம். போனேன். பேசினேன்.

— என்னங்க? அவளுக்கு என்ன?

— அவளுக்கு ஒண்ணுமில்ல. உன் புருசனோட சாம்பலுக்குத்தான்...

— சொல்லுங்க! குழாய் ஒடஞ்சிருச்சா?

— ஒடையல. ஒடைக்காமலே, கண்ணாடிக்குள்ள இருந்தபடியே அந்த ஹீலியத்துல எறக்கிப் பாத்தாங்களாம். முதல்ல ஒண்ணுமே இல்லியாம். சும்மா கரி மாதிரிக் கெடந்துச்சாம். குளிர ஏத்திக்கிட்டே போக, ஒரு எடம் வந்ததும், பொடி காந்தத்தப் புடிச்சு வெளிய தள்ளிருச்சாம்.

— தள்ளினா?

— தள்ளினா அதுதானாம் அடையாளம். அதுல கரண்டு களைக்காமப் போகும்னு அர்த்தமாம். முழுப் பொடியும் இல்ல, அதுல கொஞ்சம்தான் அப்பிடி ஆச்சுன்னு சொன்னா. மிச்சம் ஏன் ஆகலன்னு இனிமேத்தான் பாக்கணுமாம். ஆனா ஆயிருச்சு ராக்கு. உம் மக செஞ்சது ஆயிருச்சு. என்ன, அழுவுறியா?

— இல்ல. அடுப்புப் புகை.

— அடுப்பே பத்த வைக்கலியே. இன்னும் இருக்கு, கேளு. அத எழுதி ஒரு பெரிய புத்தகத்துல போடப் போறாங்களாம். எல்லா நாட்டுக்காரனும் படிக்கிற புத்தகமாம். விவேகானந்தன் சேர் அவ பேரத்தான் முதல்ல போடணும்னு சொல்லிட்டாராம். எப்பிடி போடுவாங்க தெரியுமா? எஸ். யசோதா.

— எஸ்னா?

— சன்னாசி! நான்தாண்டி அந்த எஸ். உலகம் பூரா படிக்கிற புத்தகத்துல அவளுக்கு முன்னாடி நிக்கிறவன் நான்.

— அந்த எழுத்து எப்பிடி இருக்கும்?

— பாம்பு படுத்த மாதிரி. மாவு எடு, நாளைக்கு வாசல்ல போட்டுக் காட்டறேன். எனக்கு இப்பவே ஆளுங்க எல்லாம் கூடற பெரட்டுக் களத்துல போயி நின்னு, தொரைக்கும் கணக்கப்புள்ளைக்கும் கேக்கற மாதிரிக் கத்தணும் போல இருக்கு. ஆனா என்ன பண்றது, செத்தவன் எப்பிடிக் கத்துவான்?

— ஏங்க... சந்தோசம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த சார்ஜன் இங்க வந்தா என்ன சொல்லப் போறோம்?

— இனிமே எதுக்கு வரப்போறான்? அவன் வந்துட்டுப் போயி ஒரு மாசமாச்சு.

— என்ன சொல்றீங்க?

— நீ கொழும்பு போனியே, அதுக்கு மறுநா காலம்பற. நீ இன்னும் வந்து சேரல. ஸ்டோர்லருந்து அப்பத்தான் வந்தேன், மூஞ்சியெல்லாம் கரி. சார்ஜன் லயத்துக்கே ஏறி வந்து, இந்தக் காம்பரா வாசல்ல நின்னு, "சன்னாசி எங்க"ன்னான்.

— ஐயோ... நீங்க?

— அவன் மூஞ்சியப் பாத்தேன். போயிட்டாருங்க ஐயான்னேன். "அப்ப நீ யாரு"ன்னான். தம்பிக்காரன்னேன். அடையாள அட்டையக் கேட்டான். தோட்டத்து ஆளுக்கு எவன் அட்ட குடுத்தான்? இல்லைன்னேன், அவனுக்கும் அது புதுசில்ல. அப்புறம்தான் கேட்டான் பாரு, "தோட்டத்து ஆளுங்க பொதைப்பீங்களே, இவனை மட்டும் ஏன் எரிச்சீங்க?"

— என்ன... என்ன சொன்னீங்க?

— கொஞ்சம் நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் சொன்னேன். "அவரு மத்தவங்க மாதிரி இல்லீங்க ஐயா. மக பேராதனை கம்பஸ்ல பெரிய படிப்புப் படிக்கிறா. அப்பேர்ப்பட்ட புள்ளையோட அப்பன சும்மா குழி தோண்டிப் போட முடியுமா? கட்ட அடுக்கி, பெரிய எடத்து ஆளுங்க மாதிரி எரிச்சோம்"னேன். சார்ஜன் தலைய ஆட்டினான். "நல்ல மனுசனா இருந்திருக்கான்"னுட்டு எறங்கிப் போயிட்டான்.

— ஒரு மாசமா... ஒரு மாசமா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா எங்கூடச் சோறு தின்னீங்க? அது சரி, அன்னிக்கு உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே. குழாயும் தெரியாது, பொடியும் தெரியாது. நான் கொழும்புக்குப் போனதே தெரியாது. பின்ன எப்பிடி அப்பிடிச் சொன்னீங்க?

— தெரியாதுதான். சன்னாசி எங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்த கேட்டான்: "இந்த வீட்டு அம்மா ரோட்டுல நின்னு, புருசன் செத்துட்டான்னு அழுதிருக்கா, அது நெசமா?" எதுக்கு அழுதே, எங்க நின்னு அழுதே, எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா ராக்கு சும்மா அழமாட்டா. நான் செத்துட்டேன்னு நீ சொல்லியிருந்தே... அந்த எடத்துலயே செத்துட்டேன்.